பலகைக்குக் காசு சேர்க்க முன்

கொஞ்சம் நீளமான பதிவு. வால்வு அம்ப்ளிபயர் கட்டுகிற நண்பர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம். பத்துப் பேர் காசு சேர்த்து ஒரு சாமானை எடுப்பது எல்லோரும் எப்போதாவது செய்கிற வேலைதானே.

எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு கிழமையாக ஒரே கதை. குழுமத்தில் உள்ள ஒரு தம்பி, ஸ்டீரியோ வால்வு அம்ப்ளிபயர் ஒன்றுக்கான சுற்றுப் பலகையைக் கணினியில் வரைந்து படத்தைப் போட்டார். வடிவான வேலை. அதைச் சீனாவில் அடித்து எடுக்க வேண்டும், தனியாக எடுத்தால் செலவு, கூட்டாக எடுப்போமா என்று கேட்டார். மூன்று நாளில் 25 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். காத்தான்குடி, யாழ்ப்பாணம், குருநாகல், கொழும்பு என்று எல்லாப் பக்கமும் ஆட்கள். சிங்கள நண்பர்களும் இருக்கிறார்கள். இதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோசம்.

இப்போது வந்திருக்கிற கேள்வி இதுதான். காசைச் சேர்த்து உடனே 25 பலகைக்கும் ஓடர் போடுவதா? இல்லாவிட்டால் முதலில் ஐந்து பலகை மட்டும் எடுத்து, அதில் ஒன்றைக் கட்டி, ஓடவிட்டு, அளந்து பார்த்த பிறகு மிச்சத்தை எடுப்பதா?

பெரும்பாலானவர்கள் முதல் பக்கம். நான் இரண்டாவது பக்கம். ஒரு பலகை கட்டி ஓடும்வரை 25 பேரிடமும் ஒரு சதமும் வாங்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. குழுமத்தில் துண்டு துண்டாக எழுதினால் சண்டை மாதிரித் தெரிகிறது. அதனால்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். வகுப்பில் நாங்கள் விரியலாக்கி, நிலைமாற்றி, கொள்ளளவி என்று படிப்பிக்கிறோம். கடையிலும் குழுமத்திலும் அம்ப்ளிபயர், ட்ரான்ஸ்போமர், கப்பாசிட்டர் என்றுதான் கதைக்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். ட்ரான்சிஸ்டர் வர முன்னர் வானொலி, ஒலிபெருக்கி எல்லாம் கண்ணாடி வால்வுகளில்தான் ஓடின. உம்மும்மா வீட்டுப் பெரிய ரேடியோவைப் போட்டால் ஒரு நிமிசம் சூடாகி, பிறகு மெதுவாகப் பாட்டு வருமே, அதுதான். அந்தச் சத்தத்துக்காகவும், கையால் கட்டுகிற சுகத்துக்காகவும் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆட்கள் வால்வு அம்ப்ளிபயர் கட்டுகிறார்கள்.

ஆர்வலர்கள் கூட்டாகச் சேர்ந்து இப்படி வேலை செய்வது இந்த நாட்டுக்குப் புதுச் சங்கதி இல்லை. 1925 இல் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பித்தபோது அதன் பின்னால் நின்றவர் தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர். அவர் ஆரம்பித்த இலங்கை வயர்லஸ் கழகத்தில் இருந்தவர்களும் வானொலி ஆர்வலர்கள்தான். ஆகவே நாங்கள் செய்யப் போவது ஒரு நல்ல பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

பழைய ரேடியோவைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பலகை என்று ஒன்றும் இருக்காது. வால்வு சொக்கட்டின் காலிலிருந்து நேரே தடையிகளும் கப்பாசிட்டர்களும் தொங்கும். ஒவ்வொன்றையும் கையால் ஈயம் வைத்துக் கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டுகிறவர் ஒரு பிழை விட்டால் அந்த ஒரு பெட்டியோடு அது முடியும். அச்சடித்த பலகை வந்த பிறகு நிலைமை வேறு. தெரிந்த ஒருவர் ஒருமுறை சரியாக வரைந்தால் தெரியாத 25 பேர் அதே மாதிரி கட்டலாம். அந்த ஒருவர் ஒரு கோட்டைப் பிழையாக வரைந்தால் 25 வீட்டிலும் அதே பிழை இருக்கும். கூட்டுக் கொள்வனவின் நன்மையும் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவின் டைனாகோ கம்பனி. டேவிட் ஹாஃப்லர் நடத்திய கம்பனி அது. 1959 இல் அவர்கள் ஸ்டீரியோ 70 என்ற அம்ப்ளிபயரை வெளியிட்டார்கள். பக்கத்துக்கு 35 வாட். நான்கு ஈ.எல்.34 வால்வு. பெரும்பாலானவர்கள் அதைப் பெட்டியில் உதிரியாக வாங்கி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தாங்களே கட்டினார்கள். இலட்சக்கணக்கில் விற்றது. இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அனுபவம் இல்லாத ஆட்கள் கட்டியும் அது எப்படிச் சரிவந்தது? டைனாகோ எதைப் பலகையில் வைத்தது, எதை வைக்கவில்லை என்று பாருங்கள். முன் பகுதியின் சின்ன வால்வுகள் இரண்டும் அவற்றைச் சுற்றியுள்ள தடையி, கப்பாசிட்டர்களும் மட்டும்தான் பலகையில். அந்தப் பலகையையும் தொழிற்சாலையிலேயே பூர்த்தியாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஈ.எல்.34 வால்வுகளின் சொக்கட்டுகள் இரும்புப் பெட்டியில் பொருத்தப்பட்டிருந்தன. வாங்கியவர் கையேட்டைப் பார்த்து வயர் வயராக இணைத்தார். கடைசியில் சரிபார்க்க ஒரே ஒரு அளவீடு: 15.6 ஓம் தடையியின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்து 1.56 வோல்ற் வரும்வரை திருகியைத் திருப்ப வேண்டும். ஓமின் விதி தெரிந்த எந்த மாணவனும் சொல்வான், அது 100 மில்லியம்பியர், இரண்டு வால்வுக்கும் சேர்த்து. பிழை விடக்கூடிய இடத்தைக் கம்பனி தன் கையில் வைத்துக்கொண்டது. சரிபார்க்கும் வேலையை வாங்குபவருக்கு இலகுவாக்கிக் கொடுத்தது.

அந்தப் பலகையில் வந்த முன் வால்வின் பெயர் 7199. பிற்காலத்தில் அதன் உற்பத்தி நின்று, பழைய கையிருப்பு விலையும் ஏறிப்போனது. அந்தக் காலத்துப் பலகைகளும் சூட்டில் கறுத்துப் பழுதாகின. அப்போது ஆர்வலர்கள் வேறு வால்வுகள் பொருந்துகிற மாற்றுப் பலகைகளை வரைந்து, கூட்டாக அடித்து எடுத்துப் பகிர ஆரம்பித்தார்கள். வால்வு உலகத்தில் கூட்டுக் கொள்வனவு இவ்வளவு பரவியதற்கு இப்படியான தேவைகளும் காரணம். நல்ல பெயர் எடுத்த மாற்றுப் பலகைகள் ஓடி, அளந்து, பலர் கட்டிப் பார்த்துத்தான் அந்தப் பெயரை எடுத்தன.

இப்போது எங்கள் பலகைக்கு வருவோம். இதில் நான்கு ஈ.எல்.34 சொக்கட்டும் பலகையிலேயே வருகின்றன. வேலை இலகு, வயர் குறைவு. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் சொக்கட் பலகைக்கு வந்தவுடன் ஒரு பழைய பொறி திறந்துவிடுகிறது. வால்வின் கால்களை எண்ணுவது கீழிருந்து பார்த்து, மணிக்கூடு சுற்றுகிற திசையில். பலகையை வரைகிறவர் பார்ப்பதோ மேலிருந்து. சொக்கட் எந்தப் பக்கத்தில் பொருந்துகிறது என்பதை ஒரு நொடி மறந்தால் எட்டுக் கால்களும் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிவிடும். ஒன்று எட்டாகும், இரண்டு ஏழாகும், மூன்று ஆறாகும், நான்கு ஐந்தாகும்.

இதில் மோசமான விஷயத்தைக் கேளுங்கள். ஈ.எல்.34 இல் சூடேற்றும் இழை இரண்டாம், ஏழாம் கால்களில். அவை தமக்குள் மாறினால் ஒன்றும் ஆகாது. வால்வு வழமைபோல் அழகாகச் செம்மஞ்சளாக ஒளிரும். பார்க்கிறவர் எல்லாம் சரி என்று நினைப்பார். நான்காம் கால் திரை நெய்யரி, அதற்கு 400 வோல்ற் அளவில் போகும். ஐந்தாம் கால் கட்டுப்பாட்டு நெய்யரி, அதற்குப் போக வேண்டியது சிறிய மறை வோல்ற்று. இந்த இரண்டும் இடம் மாறினால் 400 வோல்ற் நேரே கட்டுப்பாட்டு நெய்யரிக்குப் போகும். பெரும்பாலான சுற்றுகளில் ஒன்றாம், எட்டாம் கால்கள் ஒன்றாக இணைந்திருப்பதால் கதோட்டுப் பாதையும் அறாமல் இருக்கும். ஓட்டம் பாயும். வால்வு போகும். எங்கள் சுற்றில் திரை நெய்யரியின் வயர் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் சுருளிலிருந்து வருகிறது. அந்த ஓட்டமெல்லாம் அந்தச் சுருள் வழியாகத்தான் வர வேண்டும்.

வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் என்ன விலை என்று கட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முழு அம்ப்ளிபயரின் செலவில் பலகைதான் ஆகக் குறைந்தது. ட்ரான்ஸ்போமர்களும் வால்வுகளும்தான் பெருஞ்செலவு. ஆகக் குறைந்த சாமானில் உள்ள பிழை ஆகக் கூடிய சாமானை எரிக்கும். இதை வைத்துக்கொண்டு பலகையில் எத்தனை நூறு ரூபா மிச்சம் என்று கணக்குப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் வரைவில் இந்தப் பிழை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தேன், கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் சொக்கட்டைப் பொருத்தி மீட்டர் வைத்துச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சொக்கட்டுகளும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒரு கம்பனியின் கால் தடிப்பு, இன்னொன்றின் வட்டம் பெரிது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே கடையில் இரண்டு வாங்கினாலும் இரண்டு விதமாக இருக்கலாம். துளை பொருந்தாவிட்டால் 25 பேரும் 25 விதமாகக் காலை வளைப்பார்கள்.

இரண்டாவது விஷயம் தடங்களுக்கிடையிலான இடைவெளி. குழுமத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "சொஃப்ட்வெயாரில் செக் பண்ணியாச்சு, ஒரு எரரும் இல்லை." சொஃப்ட்வெயார் நாங்கள் கொடுத்த விதியைத்தான் பார்க்கும். நம்மில் பலர் பாவிக்கிற கீகாட்டில் தானாக வருகிற இடைவெளி 0.2 மில்லிமீற்றர். ஐந்து வோல்ற் சுற்றுக்கு அது தாராளம். பூச்சில்லாத வெளித் தடங்களில் 300 இலிருந்து 500 வோல்ற் வரை இருந்தால் 2.5 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும் என்பது ஐ.பீ.சீ. 2221 என்ற பலகை வடிவமைப்புத் தரத்தின் கணக்கு. பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். விதியை மாற்றாமல் சரிபார்த்தால் "எரர் இல்லை" என்றுதான் வரும். எங்கள் தம்பி மாற்றித்தான் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். அதை அவர் ஒரு வரியில் எழுதிப் போட்டால் இந்தக் கேள்வி முடிந்தது.

மூன்றாவது சூடேற்றும் ஓட்டம். ஒரு ஈ.எல்.34 இன் இழைக்கு 6.3 வோல்ற்றில் 1.5 அம்பியர். நான்குக்கு 6 அம்பியர். மெல்லிய செப்புத் தடத்தில் 6 அம்பியரை நீளத்துக்கு ஓடவிட்டால் தடம் சூடாகும், கடைசி வால்வுக்கு வோல்ற்று குறையும். தடம் போதிய அகலமா, இல்லை அந்த ஓட்டத்தைப் பலகையை விட்டு முறுக்கிய வயரில் கொண்டுபோவதா என்பதை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தொடுவது நிறுத்தி, மின் இறங்கிய பிறகு.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். "இரண்டு தடவை ஓடர் போட்டால் இரண்டு தடவை கொரியர், செலவு கூடும்" என்பதுதான் எல்லோரும் சொல்கிற காரணம். நியாயமான கேள்வி. ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன். இவை உண்மை விலைகள் அல்ல, விகிதம் விளங்குவதற்காக.

ஐந்து பலகை எடுக்கக் கொரியரோடு 15,000 ரூபா என்று வைப்போம். ஒன்று 3,000. இருபத்தைந்தையும் ஒரேயடியாக எடுத்தால் 40,000. ஒன்று 1,600. இதுதான் எல்லோரையும் இழுக்கிற இலக்கம். முதலில் 5, சரிவந்த பின் 20 என்று எடுத்தால் 15,000 உம் பிறகு ஒரு 34,000 உம், மொத்தம் 49,000. ஒன்று 1,960. ஆளுக்கு 360 ரூபா கூட.

முதல் ஐந்தில் பிழை கண்டு, திருத்தி, 25 ஐயும் புதிதாக எடுத்தால் 55,000. ஒன்று 2,200. நேரே 25 எடுத்து, அதில் பிழை இருந்து, இன்னொரு தடவை 25 எடுத்தால் 80,000. ஒன்று 3,200. தனித்தனியாக ஐந்தைந்தாக எடுத்ததை விடக் கூட. இதில் எரிந்த வால்வையும் ட்ரான்ஸ்போமரையும் நான் சேர்க்கவில்லை.

ஆக, நாங்கள் சண்டை பிடிப்பது ஆளுக்கு 360 ரூபாவுக்கு. உங்கள் பலகை கட்டாயம் ஓடும் என்று தெரிந்துகொள்ள 360 ரூபா கொடுப்பீர்களா என்று தனியாகக் கேட்டால் ஒருவரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

"பிழை இருந்தால் தடத்தை வெட்டி வயர் போடலாம்தானே" என்று ஒரு காக்கா கேட்டார். அவரால் முடியும். முப்பது வருசம் ரேடியோ திருத்திய கை. பட்டியலில் உள்ள 25 பேரும் அவர் இல்லை. அதுவும் 400 வோல்ற் ஓடுகிற இடத்தில் ஒட்டு வயர் போட்டு மூடிவைப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்தது காசை யார் வைத்திருப்பது, எப்படி வைத்திருப்பது. "நான் இலாபம் ஒன்றும் எடுக்கவில்லையே, பிறகேன் இத்தனை கேள்வி" என்று ஏற்பாடு செய்கிறவர்கள் பொதுவாகக் கேட்பார்கள். இலாபம் எடுக்காதது நல்ல குணம். ஆனால் 25 பேரின் காசு ஒருவரின் கணக்குக்குள் வந்துவிட்டால் அது அமானிதம். இலாபம் எடுக்கிற கடைக்காரரிடம் பிழைச் சாமானைத் திருப்பிக் கொடுக்கலாம். இலாபம் எடுக்காத நண்பரிடம் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் கூட்டுக் கொள்வனவில் விதிகள் கடையை விடக் கூடுதலாகத் தேவை.

ஊரில் சீட்டுப் பிடிக்கிற தாய்மாரைப் பாருங்கள். பெரிய படிப்பு இல்லாதவர்களும் அதில் இருக்கிறார்கள். ஒரு கொப்பி இருக்கும். யார் எப்போது கட்டினார், யாருக்கு எந்த மாதம் விழுந்தது எல்லாம் அதில் இருக்கும். யார் கேட்டாலும் கொப்பியைத் திறந்து காட்டுவார்கள். கொப்பியைக் காட்டு என்று கேட்டதற்காக ஒருவரும் கோபிப்பதில்லை. அந்தக் கொப்பி எங்கள் குழுமத்துக்கும் வேண்டும். எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு தாள்: யார் எத்தனை பலகை, எவ்வளவு கட்டினார், கம்பனிக்கு எவ்வளவு போனது, கொரியருக்கு எவ்வளவு, சுங்கத்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. பற்றுச்சீட்டுகளின் படங்களும் அதிலேயே.

டொலர் விசயத்தை மறந்துவிடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதை எல்லோரும் அனுபவித்தோம். ஜனவரியில் ரூபாவாகச் சேர்த்து மே மாதத்தில் டொலராகக் கட்டியிருந்தால் யார் கையைச் சுட்டிருக்கும்? காசு சேர்ப்பதும் கம்பனிக்குக் கட்டுவதும் ஒரே கிழமைக்குள் நடக்க வேண்டும். பலகை ஓடுகிறது என்று தெரிந்த பிறகு காசு சேர்த்தால் அது இயல்பாகவே நடக்கும். இப்போது சேர்த்தால் கேள்வியும் பதிலுமாக மாதக்கணக்கில் அந்தக் காசு ஒருவரின் கணக்கில் கிடக்கும். அவருக்கும் அது சுமை.

சுங்கத்தில் வரி விதித்தால் யார் பொறுப்பு, பொதி தொலைந்தால் யார் பொறுப்பு, கூடுதலாக வருகிற இரண்டு பலகை யாருக்கு, பெயர் கொடுத்தவர் கடைசி நேரத்தில் விலகினால் அவர் காசு திரும்புமா. இவை காசு வாங்க முன் நான்கு வரியில் எழுதிவிடக்கூடிய விசயங்கள். காசு வாங்கிய பின் எழுதினால் ஒவ்வொரு வரியும் ஒரு மனஸ்தாபம்.

வரைவுக் கோப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கிற கம்பனிக்கு அனுப்புகிற கேர்பர் கோப்பும் மூலச் சுற்றுப்படமும் குழுமத்தில் குறைந்தது மூன்று பேரிடமாவது இருக்க வேண்டும். எங்கள் இளைஞர்கள் எத்தனை பேர் இந்த நாலைந்து வருசத்தில் வெளிநாடு போய்விட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தம்பிக்கும் நல்ல வேலை கிடைத்துப் போகட்டும், ஆனால் பலகையில் ஒரு தடையி எரிந்தால் அதன் பெறுமானத்தைக் கேட்க ஆள் இல்லாமல் போகக் கூடாது. அதே நேரம் அவர் உழைப்புக்கு மரியாதை வேண்டும். பலகையில் வெள்ளை எழுத்தில் அவர் பெயர் அடிக்கப்பட வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் யாரும் அந்தக் கோப்பை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. சுற்றின் அடிப்படை வேறு யாருடையதாவது என்றால் அவர் பெயரும் வர வேண்டும், அனுமதியும் கேட்க வேண்டும்.

இனி நான் ஆகக் கூடுதலாகக் கவலைப்படுகிற விசயம். பட்டியலில் உள்ள 25 பேரில் இருவர் உயர்தர மாணவர்கள். பெளதிகவியலில் கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்கள் இதற்குள் வருவது எனக்குப் பெருமை. ஆனால் இது ஐந்து வோல்ற் ஆடுயினோ பலகை இல்லை. சுவரில் உள்ள 230 வோல்ற்றை விட உள்ளே ஓடுகிற நேரோட்டம் கூட. அதை விட ஆபத்தானது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் மின் நிற்கும். 100 மைக்ரோ பரட் கப்பாசிட்டர் 400 வோல்ற்றில் 8 யூல் சக்தியை வைத்திருக்கும். ஒரு கிலோ நிறையை 80 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற சக்தி அவ்வளவுதான், சின்னதாகத் தெரியும். ஆனால் இது கைக்குள்ளால், நெஞ்சைக் கடந்து, ஒரு நொடிக்கும் குறைவாகப் பாயக்கூடியது.

இதற்கு மருந்து இலேசானது. கப்பாசிட்டருக்குச் சமாந்தரமாக ஒரு 220 கிலோ ஓம் தடையி. அது நிறுத்திய பின் மின்னை வடித்துவிடும். கணக்குப் பார்த்தால் 400 இலிருந்து 50 வோல்ற்றுக்கு இறங்க ஏறக்குறைய 46 செக்கன். தடையியில் முக்கால் வாட் அளவில் சூடு, ஆகவே 2 வாட் தடையி போட்டால் நிம்மதி. எங்கள் பலகையில் இந்தத் தடையிக்கு இடம் இருக்கிறதா? படத்தில் நான் காணவில்லை. வெளியில் போடுவதாக நினைத்திருக்கலாம். வெளியில் போடுவதை 25 பேரில் ஒருவர் மறப்பார். மறக்கிறவர் அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவராக இருந்தால்? அதனால் அது பலகையிலேயே இருக்க வேண்டும், பெயரோடும் இலக்கத்தோடும். முதல் ஐந்து பலகை எடுத்துப் பார்த்தால் இப்படியானவற்றைச் சேர்க்கவும் இடம் கிடைக்கும்.

அந்த மாணவர்களைப் பட்டியலிலிருந்து வெட்டச் சொல்லவில்லை. அவர்கள் ஈயம் வைக்கட்டும், தடையி அளக்கட்டும், கணக்குப் பார்க்கட்டும். முதல் தடவை மின் கொடுப்பது மட்டும் அனுபவமுள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது. மின்னோடு தொடராக ஒரு 60 வாட் இழைக் குமிழைப் போட்டு, ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு. பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு அவர்கள் சம்மதித்தால் பலகை கொடுப்போம்.

எதிர்க் கருத்துகளில் இரண்டுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

"இப்போது சூட்டோடு சூடாகச் செய்யாவிட்டால் ஆர்வம் குறைந்துவிடும், 25 பேர் பத்தாகிவிடுவார்கள்" என்கிறார்கள். ஆகட்டும். இரண்டு மாதம் பொறுக்க முடியாதவர் அம்ப்ளிபயர் கட்டி முடிக்க மாட்டார். பெட்டி அடிக்க வேண்டும், ட்ரான்ஸ்போமர் சுற்றுவிக்க வேண்டும், அதற்கே மாதங்கள் போகும். லாச்சிக்குள் தூங்குகிற பலகைகள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. பத்துப் பேர் எடுத்துப் பத்துப் பேரும் கட்டினால் அது 25 பேர் எடுத்து ஐந்து பேர் கட்டுவதை விட நல்லது. ஒரே பலகையைப் பத்துப் பேர் கட்டும்போது ஒருவருக்கு வருகிற இரைச்சலை இன்னொருவர் தீர்ப்பார். எல்லோரிடமும் ஒரே இடத்தில் ஒரே வோல்ற்று வர வேண்டும் என்பதால் பிழை உடனே அகப்படும். விலைக்குறைப்பை விட இதுதான் கூட்டாகச் செய்வதன் பெரிய பலன் என்று நான் நினைக்கிறேன்.

"முதலில் கட்டிக் காட்டு என்று கேட்பது தம்பியை நம்பாத மாதிரி" என்று இன்னொருவர். பரீட்சை விடைத்தாளை ஒருவர் திருத்திப் புள்ளியிட்ட பிறகு இன்னொருவர் கூட்டிப் பார்க்கிறார். திருத்தியவர் அதில் அவமானப்படுவதில்லை. தன் கூட்டல் பிழையால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாறக் கூடாது என்று அவரும்தான் விரும்புவார். 25 பேரின் சாமான் எரிந்து அத்தனை பேரும் தம்பியைக் கைபேசியில் அழைப்பதை விட, ஐந்து பலகையை அவரோடு சேர்ந்து நாங்கள் சோதிப்பது அவருக்குச் செய்கிற உதவி.

ஆகவே குழுமத்துக்கு என் கோரிக்கை இவ்வளவுதான்.

1. இப்போது ஐந்து பலகை மட்டும் எடுப்போம். செலவை முன்வருகிற மூன்று பேர் பகிர்வோம். பிறகு 25 பேரின் கணக்கில் அது சேரட்டும். திட்டம் நின்றுபோனால் எங்கள் காசு போனதாக இருக்கட்டும்.

2. ஓடர் போட முன் பலகைப் படத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் கடதாசியில் அச்சிட்டு, உண்மையான சொக்கட்டையும் கப்பாசிட்டரையும் அதன்மேல் வைத்துப் பார்ப்போம். பத்து நிமிச வேலை.

3. மூன்று பேரும் தனித்தனியாக, மூன்று ஊரில் கட்டுவோம். தம்பி கட்டினால் அவருக்கு மனதில் உள்ளதெல்லாம் பலகையிலும் இருப்பதாகத் தெரியும். மற்றவர் கட்டும்போதுதான் எழுதாமல் விட்டது எது என்று விளங்கும்.

4. ஒவ்வொரு கால் வோல்ற்றையும் ஒரு அட்டவணையாகப் போட்டு, கட்டும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவோம். தமிழை நான் பொறுப்பெடுக்கிறேன்.

5. அதன் பிறகு காசு. திறந்த கணக்கு. சேர்த்த கிழமையே ஓடர்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் வரைவு எனக்குப் பிடித்திருப்பதால்தான் இவ்வளவு எழுதினேன். இடைவெளி விதி என்ன போட்டீர்கள், மின் வடிக்கிற தடையி எங்கே, சூடேற்றும் தடம் எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்ற மூன்றுக்கும் குழுமத்தில் பதில் போடுங்கள். அதுவே பாதிப் பேரின் சந்தேகத்தைத் தீர்க்கும்.

முதல் ஐந்து பலகைக்கு என் பங்கைப் போட நான் தயார். இன்னும் இரண்டு பேர் தேவை. மீட்டரும் பொறுமையும் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.